கதவு கதவாகத் தட்டிய குரல்: லொரெட்டா லின் – ஒரு நிகழ்வு ஆய்வு

1960-ம் வருடம். அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு கார் கிளம்புகிறது. உள்ளே ஒரு கணவன், மனைவி, கட்டுக்கட்டாக இசைத்தட்டுகள். ஹோட்டலில் தங்கக் காசு இல்லாததால் தூக்கம் காரிலேயே. சாப்பாடு பெரும்பாலும் ரொட்டிக்கு நடுவே வைத்த சீஸும் மலிவான இறைச்சித் துண்டும்தான். வழியில் ரேடியோ கோபுரம் எங்கே தெரிந்தாலும் வண்டி நிற்கும். அந்தப் பெண் பின் சீட்டுக்குப் போய், கையில் இருக்கும் ஒரே நல்ல கவுனை மாற்றிக்கொண்டு இறங்குவார். உள்ளே பாட்டுப் போடுகிற டிஸ்க் ஜாக்கியிடம் போய், இது என் பாட்டு, ஒரு தடவை போட்டுக் கேளுங்கள் என்று நிற்பார்.

அவர்தான் லொரெட்டா லின். அப்போது வயது 28, நான்கு பிள்ளைகளின் தாய். பன்னிரண்டு வருடம் கழித்து, அமெரிக்கக் கிராமப்புறத்திலிருந்து வந்த கன்ட்ரி இசை உலகின் மிகப் பெரிய விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் 'ஏழைப் பெண், நல்ல குரல், கடவுள் கண் திறந்தார்' என்றே சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் பாதிதான் விளங்கும். குரல் நல்ல குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் மேலே வந்த வழியைத் தேடினால் வேறு இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன: ரேடியோக்காரர்களை ஒவ்வொருவராக நேரில் போய்ப் பார்த்தது, ரேடியோவுக்கு அந்தப் பக்கம் அடுக்களையில் நின்று கேட்கிற பெண்ணுக்காகவே எழுதியது. அவர் இழந்ததற்குக் காரணம் தேடினால் ஒன்றே ஒன்றில் போய் முட்டுகிறது: ஆரம்பத்தில் போட்ட கையெழுத்து.

பெண் பாடினால் விற்காது

1950-களில், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத்து இசைக் கம்பெனிகளில் இப்படி ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடந்தது. பெண்ணின் பெயரைப் போட்டால் தட்டு விற்காது, கச்சேரிக்குக் கூட்டம் வராது என்பார்கள். 1952-ல் பாடகி கிட்டி வெல்ஸ் அதை உடைத்துக் காட்டினார். ஆண்கள் வழி தவறுவதற்குப் பெண்கள்மேல் பழி போடாதீர்கள் என்று பாடிய அந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. தனியாகப் பாடிய ஒரு பெண் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. என்பிசி ரேடியோ அதை ஒலிபரப்ப மறுத்தது. இத்தனைக்கும் கிட்டி வெல்ஸ் அந்தப் பதிவுக்குச் சம்மதித்ததே, ஒரு நாள் பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலர் கூலிக்காகத்தான்.

அப்புறமும் கதவு ஒருக்களித்தேதான் இருந்தது. ஒரு கம்பெனிக்கு ஒரு பெண் போதும் என்பார்கள். லொரெட்டா வந்தபோது அவரிடம் குறையாகச் சொன்னதும் இதுதான்: உன் குரல் கிட்டி வெல்ஸ் மாதிரி இருக்கிறது, அவர்தான் ஏற்கெனவே இருக்கிறாரே.

பதினேழு டாலர் கிட்டார்

லொரெட்டா வெப் 1932 ஏப்ரல் 14 அன்று கென்டக்கி மாநிலத்தில், வான் லியர் சுரங்க ஊரை ஒட்டிய புட்சர் ஹாலோ என்ற மலைப் பள்ளத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. இரவு ஷிப்டு போய்க் கரி படிந்த முகத்தோடு விடிகாலையில் வீடு திரும்புகிறவர். நுரையீரலில் கரித்தூள் ஏறி, மகளின் முதல் இசைத்தட்டு வருவதற்கு ஒரு வருடம் முன்பு, 1959-ல் இறந்துபோனார். மகள் பிற்பாடு இந்த அப்பாவைப் பற்றிப் பாடியதை உலகமே கேட்டது. கேட்க அவர்தான் இல்லை.

1948 ஜனவரியில், பதினைந்து வயதில், ஆலிவர் லின் என்பவரோடு கல்யாணம். ஊரில் அவரை டூலிட்டில் என்பார்கள், வீட்டில் டூ. பதின்மூன்று வயதில் கல்யாணம் என்று லொரெட்டா சொல்லிவந்ததால் அதுவே பல இடங்களில் பதிவாகிவிட்டது. 2012-ல் பிறப்புப் பதிவு வெளிவந்தபோதுதான் வயதுக் கணக்கு திருந்தியது. பதினைந்தும் குழந்தை வயதுதான். அதனால் கதையின் கனம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நிறைமாதத்துக்கு நெருங்கிய வயிற்றோடு, நாட்டின் மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்தின் கஸ்டர் என்ற சிற்றூருக்குப் போனார். கணவனுக்கு மரம் வெட்டுகிற வேலை. இவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளில் துணி துவைத்தார், ஸ்ட்ராபெரி பறிக்கப் போனார். வேலை செய்துகொண்டே பாடுவார். 1953-ல் டூ சியர்ஸ் கடையில் 17 டாலருக்கு ஒரு ஹார்மனி கிட்டார் வாங்கிக் கொடுத்தார். சொல்லித்தர யாரும் இல்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு தானாகவே விரல் வைத்துப் பழகினார்.

உன்னால் மேடையில் பாட முடியும் என்று அவரைத் தள்ளிக்கொண்டு போனவரும் டூதான். விவசாயிகள் சங்கக் கூடங்கள், பிளெய்ன் ஊரில் இருந்த ஒரு மதுக்கடை என்று இடங்கள் சின்னவை. தம்பி ஜே லீயையும் சேர்த்துக்கொண்டு டிரெய்ல்பிளேசர்ஸ் என்ற குழு அமைந்தது. டகோமாவில் கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸ் நடத்திய டிவி நிகழ்ச்சியின் போட்டியில் ஒரு கைக்கடிகாரம் பரிசாகக் கிடைத்தது.

இந்த டூவைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். குடிப்பார். வேறு பெண்களோடு பழக்கம் இருந்தது. கை நீட்டியிருக்கிறார்; லொரெட்டாவும் திருப்பி அடித்ததாகச் சொல்லியிருக்கிறார். கிட்டார் வாங்கித் தந்த கையும் அதேதான், அடித்த கையும் அதேதான். அவர் இல்லாமல் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன் என்று லொரெட்டா கடைசிவரை சொன்னார். அதை வைத்து அந்த மனிதருக்கு மன்னிப்பு வழங்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் பட்டதுதான் பாட்டாக வந்தது என்பதை மறைத்துவிட்டு இந்த ஆய்வை எழுதவும் முடியாது.

ஒரு தட்டு, ஆயிரம் கதவு

எல்லையைத் தாண்டினால் கனடாவின் வான்கூவர். அங்கே மர வியாபாரம் செய்துகொண்டிருந்த நார்ம் பர்லி லொரெட்டாவின் குரலில் நம்பிக்கை வைத்துப் பணம் போட்டார். ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற குட்டிக் கம்பெனியில், 1960 பிப்ரவரியில் ஹாலிவுட்டில் பாட்டுப் பதிவானது. 'ஐ'ம் எ ஹாங்கி டாங்க் கேர்ள்' என்ற அந்தப் பாட்டை அவரே எழுதினார். புருஷன் விட்டுப் போன ஒரு பெண் மதுக்கடையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து எழுதியது.

பெரிய கம்பெனி என்றால் தட்டு கடைக்குப் போகும், ரேடியோவுக்குப் போகும், ஆள் வைத்துப் பேசுவார்கள். ஜீரோவுக்கு அதெல்லாம் கிடையாது. ஆகவே தம்பதியே அந்த வேலையைச் செய்தார்கள். ரேடியோ நிலையங்களின் பட்டியலைத் தேடி எடுத்து, தட்டோடு லொரெட்டாவின் போட்டோவையும் வைத்துத் தபாலில் அனுப்பினார்கள். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே கிளம்பிவிட்டார்கள்.

இது பலித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அன்றைய சின்ன ஊர் ரேடியோவில் எந்தப் பாட்டைப் போடுவது என்று முடிவு செய்கிறவர், பெரும்பாலும் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிற அதே ஆள்தான். அவருக்குப் பிடித்தால் அப்போதே சுழல விடலாம், யாரையும் கேட்க வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டவர்களைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்ததும் அதே 1960-ல்தான். அந்த அளவுக்கு டிஸ்க் ஜாக்கி கையில் செல்வாக்கு இருந்தது. லொரெட்டாவிடம் கொடுக்கக் காசு இல்லை. கவுன் மாற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றார், அவ்வளவுதான். அந்தக் கோடையில் பாட்டு பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 14-வது இடத்துக்கு ஏறியது. பெயர் தெரியாத கம்பெனி, பெயர் தெரியாத பெண், அதற்கு 14-வது இடம்.

கார் நாஷ்விலுக்கு வந்து சேர்ந்தது. கன்ட்ரி பாடகர்களுக்குக் கோயில் மாதிரியான ரைமன் அரங்கத்தின் எதிரே வண்டியை நிறுத்தி, இருவரும் அதிலேயே தூங்கினார்கள். 1960 அக்டோபர் 15 அன்று, அந்த அரங்கத்தில் அப்போது நடந்துவந்த கிராண்ட் ஓல் ஓப்ரி ரேடியோ நிகழ்ச்சியில் லொரெட்டா முதல் முறையாகப் பாடினார்.

பண்டமாற்றில் வந்த வாய்ப்பு

நாஷ்விலில் அவரைக் கைதூக்கிவிட்டவர்கள் கன்ட்ரி பாடகர்களான வில்பர்ன் சகோதரர்கள், டாயிலும் டெடியும். டெக்கா கம்பெனியின் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியிடம் லொரெட்டாவின் மாதிரிப் பதிவைக் கொண்டுபோனார்கள். பிராட்லிக்குப் பாட்டுப் பிடித்தது, பாடகி பிரெண்டா லீக்கு வேண்டும் என்றார். பாடிய பெண் வேண்டாம். கிட்டி வெல்ஸ் மாதிரி இருக்கிறது என்ற அந்தப் பழைய பல்லவிதான். டாயில் வில்பர்ன் அசரவில்லை. பாட்டு வேண்டுமென்றால் இந்தப் பெண்ணுக்கும் ஒப்பந்தம் கொடுங்கள் என்று பேரம் பேசினார். பிரெண்டா லீக்கு அந்தப் பாட்டு பெரிய வெற்றியானது. லொரெட்டாவுக்கு டெக்கா கதவு திறந்தது.

ஜீரோவோடு போட்ட ஒப்பந்தம் கையில் இருந்தும், நார்ம் பர்லி குறுக்கே நிற்காமல் அவரை விடுவித்துவிட்டார். வரலாற்றில் இவர் பெயர் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. என் கணக்கில் இந்தக் கதையின் பெரிய மனிதர்களில் இவரும் ஒருவர்.

1961-ல் கார் விபத்தில் அடிபட்டு, பேர்பெற்ற கன்ட்ரி பாடகி பாட்ஸி கிளைன் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்காக லொரெட்டா, பாடகர் எர்னஸ்ட் டப்பின் இசைத்தட்டுக் கடையின் நள்ளிரவு ரேடியோ நிகழ்ச்சியில், பாட்ஸியின் பாட்டையே பாடினார். படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்த பாட்ஸி, அந்தப் பெண்ணைக் கூட்டிவா என்று கணவனை அனுப்பினார். அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டார்கள். பாட்ஸி உடைகள் கொடுத்தார், மேடை நெளிவுசுளிவு சொல்லிக்கொடுத்தார். காசைக் கையில் வைத்தால்தான் மேடை ஏறுவேன் என்பது பாட்ஸியின் சட்டம். லொரெட்டாவை ஓப்ரியில் பாடவிடக் கூடாது என்று சில பாடகிகள் கூட்டம் போட்டபோது, பாட்ஸி லொரெட்டாவையே கையோடு அழைத்துக்கொண்டு அங்கே போய் நின்றதாக லொரெட்டா சுயசரிதையில் சொல்கிறார். கூட்டம் அத்தோடு கலைந்தது. 1963 மார்ச் 5-ல் விமான விபத்தில் பாட்ஸி போய்விட்டார். அடுத்த வருடம் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு லொரெட்டா அவர் பெயரை வைத்தார்.

அடுக்களைப் பக்கத்திலிருந்து

1962-ல் 'சக்ஸஸ்' என்ற பாட்டு ஆறாவது இடம் வந்தது. ஆனால் லொரெட்டா லொரெட்டாவானது 1966-ல்தான்.

ஒரு கச்சேரிக்கு முன் மேடைக்குப் பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டே வந்தார். திரையை விலக்கிக் காட்டினார்: முன் வரிசையில் அவர் புருஷன், பக்கத்தில் வேறொருத்தி. அவளுக்கு உன்னிடமிருந்து அவனைப் பறிக்கிற தகுதி கிடையாது என்று லொரெட்டா தேற்றினார். அப்படியே ஒப்பனை அறைக்குள் போய் அதைப் பாட்டாக எழுதிவிட்டார். 'யூ ஐன்ட் வுமன் எனஃப்' இரண்டாவது இடம் வரை போனது. அடுத்து, குடித்துவிட்டு வந்து என்னைத் தொடாதே என்று புருஷனிடம் சொல்கிற பாட்டு 1967 பிப்ரவரியில் முதலிடம் பிடித்தது. அவருடைய முதல் முதலிடம் அதுதான்.

அதுவரை கன்ட்ரியில் ஏமாற்றப்பட்ட பெண் அழுவாள், காத்திருப்பாள், மன்னிப்பாள். லொரெட்டாவின் பெண் எதிர்த்துப் பேசுகிறாள். பேசுகிற மொழியும் மேடை மொழியாக இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று சண்டை போடுகிற மொழி. நிலக்கரி ஊர்களிலும் மில் ஊர்களிலும் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு இது தங்கள் வீட்டுச் சமாச்சாரமாகவே கேட்டது. நிலையங்களுக்குக் கடிதம் போட்டதும் அவர்கள்தான், தட்டு வாங்கியதும் அவர்கள்தான். பெண் பாடினால் விற்காது என்று சொன்னவர்கள் யார் வாங்குகிறார்கள் என்பதைப் பார்க்கவே இல்லை.

1969 அக்டோபரில் பிராட்லியின் ஸ்டூடியோவில் தன் பிறந்த வீட்டுக் கதையைப் பதிவு செய்தார்: 'கோல் மைனர்ஸ் டாட்டர்'. எழுதிக்கொண்டு வந்தது மிக நீளம், சில சரணங்களை வெட்டு என்றார் பிராட்லி. வெட்டிய வரிகள் அப்படியே தொலைந்துபோயின. மிச்சம் இருந்தது 1970 டிசம்பரில் முதலிடம் வந்தது. அந்த மாதக் கடைசியில், டிசம்பர் 30 அன்று, கென்டக்கியின் ஹைடன் ஊருக்கு அருகே சுரங்கம் வெடித்து 38 தொழிலாளிகள் மாண்டார்கள். அந்தக் குடும்பங்களுக்காக லொரெட்டா லூயிவில்லில் நிதிக் கச்சேரி நடத்தினார். சுரங்கத் தொழிலாளி மகள் என்பது அவருக்கு விளம்பரப் பெயராக மட்டும் இருக்கவில்லை.

1972-ல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருது. 1967-ல் தொடங்கிய அந்த விருதை அதற்குமுன் வாங்கிய ஐந்து பேரும் ஆண்கள்.

மாத்திரைப் பாட்டு

கருத்தடை மாத்திரையைப் பற்றிய 'தி பில்' 1972-லேயே பதிவாகிவிட்டது. கம்பெனி தயங்கித் தயங்கி 1975-ல்தான் வெளியிட்டது. வருடா வருடம் பிள்ளை பெற்றுச் சலித்த ஒரு மனைவி, இனி என் முறை என்று சொல்லும் பாட்டு. பல நிலையங்கள் போட மறுத்தன. கென்டக்கியில் ஒரு பாதிரியார் பிரசங்கத்திலேயே கண்டித்தார். பாட்டு கன்ட்ரி பட்டியலில் ஐந்தாவது இடம் வந்தது, பொதுப் பட்டியலிலும் 70-வது இடம். நாங்கள் அச்சடித்துக் கொடுத்த காகிதங்களைவிட உங்கள் பாட்டுதான் கிராமங்களில் அதிகம் வேலை செய்தது என்று கிராமப்புற டாக்டர்கள் தன்னிடம் சொன்னதாக லொரெட்டா ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆறு பிள்ளை பெற்றவர் பாடியதால் அதை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

கையெழுத்தின் விலை

இப்போது வில்பர்ன்களிடம் திரும்ப வேண்டும். அவர்கள் செய்த உதவி உண்மையானது. 1963-லிருந்து தங்கள் டிவி நிகழ்ச்சியில் லொரெட்டாவை வாராவாரம் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் மேனேஜர் அவர்கள்தான், கச்சேரி புக் செய்கிற ஏஜென்ஸி அவர்களுடையது, பாட்டின் பதிப்புரிமை வைத்திருந்த ஷ்யூர்-ஃபயர் மியூசிக்கும் அவர்களுடையது. உன் பக்கம் நின்று பேச வேண்டிய மேனேஜரே எதிர்ப் பக்கம் பதிப்பாளராகவும் உட்கார்ந்திருந்தால், யாரிடம் போய் நியாயம் கேட்பது?

பணம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் விளங்கும். 1909-லிருந்து 1977 வரை அமெரிக்கச் சட்டம் ஒரு பாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் வைத்த விலை 2 சென்ட். வழக்கப்படி அதில் பாதி எழுதியவருக்கு, பாதி பதிப்பாளருக்கு. கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் லட்சக்கணக்கில் விற்கிற தட்டுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். அதற்கும் மேலாக, பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. முதலிடம் பிடித்த அந்தக் குடிகாரப் புருஷன் பாட்டும் சரி, அப்பாவைப் பற்றிய பாட்டும் சரி, ஷ்யூர்-ஃபயர் வசமே இருந்தன.

1970-களின் தொடக்கத்தில் வில்பர்ன்களை விட்டு விலகினார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. பாட்டுகளின் உரிமையை மீட்கப் போராடினார், கிடைக்கவில்லை. அப்புறம் அவர் எழுதுவதே அருகிப்போனது. எழுதினால் அதுவும் அங்கேதானே போகும் என்ற நிலையில் பேனாவை எடுக்க யாருக்கு மனம் வரும்? 1970-களின் நடுவில், புகழின் உச்சியில் இருந்தபோது, நாட்டின் மிகக் கூர்மையான பாட்டெழுத்தாளர்களில் ஒருவர் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியதைப் பாடிக்கொண்டிருந்தார். இந்தக் கதையில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். வறுமை, அடி, தடை எல்லாவற்றிலிருந்தும் அவருக்குப் பாட்டு கிடைத்தது. இந்தக் காகிதம் மட்டும் பாட்டையே நிறுத்திவிட்டது.

உடம்பும் விலை கொடுத்தது. ஒற்றைத் தலைவலி, மேடையிலேயே மயங்கி விழுந்த இரவுகள். 1976-ல் சுயசரிதை, 1980-ல் அதன் திரைப்படம், அதில் நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்குக்கு ஆஸ்கர் என்று பெயர் உலகமெல்லாம் பரவிய பிறகு, 1984-ல் மகன் ஜாக் பென்னி ஆற்றில் மூழ்கி இறந்தார். 1996-ல் டூ போனார்.

எழுபத்திரண்டு வயதில்

2004-ல் 'வான் லியர் ரோஸ்' என்ற ஆல்பம் வந்தது. ராக் இசைக்காரர் ஜாக் வைட் தயாரித்தார். லொரெட்டா மறுபடி எழுதினார், அப்பா அம்மாவைப் பற்றி, தொலைந்த ஊரைப் பற்றி. இரண்டு கிராமி விருதுகள். ஆனால் கன்ட்ரி ரேடியோ நிலையங்கள் அதை அதிகம் போடவில்லை.

இங்கேதான் 1960-ன் கார் பயணம் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு கம்பெனி நாடு முழுவதும் எத்தனை ரேடியோ நிலையம் வைத்திருக்கலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனி 1,200-க்கும் மேல் சேர்த்தது. எந்தப் பாட்டு என்ற முடிவு தலைமை அலுவலகத்துக்கும் ஆலோசகர்களுக்கும் போனது. 2015-ல் கீத் ஹில் என்ற அப்படியொரு ஆலோசகர், கன்ட்ரி ரேடியோ சாலட் என்றால் ஆண் பாடகர்கள்தான் கீரை, பெண்கள் மேலே தூவுகிற தக்காளி, ஆகவே பெண்கள் பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். கிட்டி வெல்ஸ் காலத்துப் பேச்சு, அறுபது வருடம் கழித்து.

லொரெட்டா 2022 அக்டோபர் 4 அன்று, டென்னசியில் ஹரிக்கேன் மில்ஸ் வீட்டில், 90-வது வயதில் தூக்கத்திலேயே காலமானார். பதினாறு முதலிடப் பாட்டுகள். இன்று ஒரு பெண் அதே மாதிரி கார் எடுத்துக்கொண்டு கிளம்பலாம், கோபுரம் தெரிகிற இடத்தில் நிறுத்தலாம், கவுனும் மாற்றிக்கொள்ளலாம். பல நிலையங்களில் பட்டியல் எங்கோ தூரத்து ஊரிலிருந்து வருகிறது. அவர் கொண்டுவந்த பாட்டை வாங்கி, இதோ இப்போதே போடுகிறேன் என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் அதிகாரம் இல்லை.